இருபத்தாறாவது ஆள்

முதுகலை இரண்டாம் ஆண்டு. எனக்குத் தந்த அதிகாரம்
ஒரு கதவு, ஒரு பணப்பெட்டி,
ரசீதுப் புத்தகம், நீல மைப் பேனா.
மாக்டெபுர்க், நவம்பர், புதன் இரண்டு மணி.
எல்பே ஆற்றுக் காற்று
நிறுத்திவைத்த சைக்கிள்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்க்கும்.

தேவை இருபத்துநான்கு பேர்.
அழைப்பது இருபத்தாறு.
யாராவது வராமல் போவார்கள் என்பது
எங்கள் துறையில் நிரூபணம் கேட்காத ஒரே தேற்றம்.
மிஞ்சுகிறவருக்கு ஐந்து யூரோ, ஒரு மன்னிப்பு.
கதவைச் சாத்திவிடுவேன்.

மேல்மாடியில் உளவியல்காரர்கள்
பொய் சொல்லிச் சோதிக்கலாம்,
இல்லாத ஆளை எதிரில் உட்கார வைக்கலாம்.
எங்களுக்கு அது விலக்கு.
சொன்ன காசு சொன்னபடி.
ஆள் என்றால் ஆள்.
"ஒருமுறை பொய் சொன்னால்
ஊர் மாணவர் அத்தனை பேரும் நமக்குக் கெட்டுப்போவார்கள்"
என்றார் ஹென்னிங் முதல் வகுப்பிலேயே,
பால் திரிந்ததைச் சொல்வது போல.

அவளைப் பதிவேட்டில்தான் கண்டுபிடித்தேன்.
வீப்கே, நீர்ப் பொறியியல், நான்காம் பருவம்.
ஏழு புதன். ஏழு முறையும் கடைசி.
ஏழு முறையும் கையெழுத்து, ஐந்து யூரோ, வெளியே.
எங்கள் கதவின் விதியை
எங்களைவிட நன்றாகப் படித்திருந்தாள்.
சமநிலைப் புள்ளியைக் கூடத்துக்கு வெளியே,
கோட்டு மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில்,
தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.
பெயரை நீக்கிவிடலாமா என்று கேட்டேன்.
ஹென்னிங் சிரித்தார்: "உனக்கு முன்னால்
அவளுக்குப் பட்டம் கொடுக்க வேண்டும்."

எட்டாம் புதன் டிராம் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம்.
இரண்டு மணிக்கு இருபத்துமூன்று பேர்.
இரண்டு மூன்றுக்கு அவள்.
வாசலில் நின்று தலைகளை எண்ணினாள்.
முகத்தில்
கூட்டலில் தவறிய கெட்டிக்காரியின் வெட்கம்.
சீட்டு எடுத்தாள். பதினேழு.

விளையாட்டு எளிது. இருவர் கையிலும் பத்து.
முகம் தெரியாதவருக்கு எவ்வளவு அனுப்புவாய்?
அனுப்பியது மும்மடங்காகும்,
திருப்பித் தருவது அவர் இஷ்டம்.
பாடப்புத்தகத்தின் விடை:
அனுப்பாதே.

தடுப்புகளுக்கிடையே இருபத்துநான்கு பிடரிகள்.
மவுஸின் சொடுக்கு. யாரோ மூக்கு உறிஞ்சும் சத்தம்.
இந்த நிசப்தத்துக்கு நம்பிக்கை என்று பெயரிட்டு
எழுபது பக்கம் எழுதியிருந்தேன்.

பிறகு உறைகள்.
நான்காம் எண்: நாற்பத்தைந்து யூரோ.
நன்றி என்றான், கையுறையை விரல் விரலாக மாட்டினான்.
பதினேழு: ஐந்து.
எங்கள் விளையாட்டில் ஐந்துக்கு ஒரே வழிதான்:
பத்தையும் அனுப்பி,
ஒன்றும் திரும்பாமல்.

"எப்போதும் தருகிற அதே ஐந்து" என்று சிரித்தாள்.
கையெழுத்திட்டாள்.
பேனாவை விடாமல் கேட்டாள்:
"அந்தப் பக்கம் இருந்தது கம்ப்யூட்டர்தானே?"

ஆமாம் என்றால்
படி இறங்குவது அவளுக்குச் சுலபமாயிருக்கும்.
கண்ணாடிக்கு அப்பால் நான்காம் எண்
சாய்ந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்திக்கொண்டிருந்தான்,
பக்கத்துச் சைக்கிளையும் நிமிர்த்தி வைத்தான்.

"ஆள்தான்" என்றேன்.

இப்போது அவள் என் அட்டவணையில்
நூற்று எண்பத்தைந்தாம் வரி. பத்து, பூஜ்யம்.
விதிவிலக்கென்று எடுத்துவிட்டால்
என் முடிவுக்கு இன்னொரு நட்சத்திரம் கிடைக்கும்.
எடுக்கவில்லை. நேர்மை என்று சொல்ல முடியாது,
அடிக்குறிப்பு எழுதச் சோம்பல்.

ஒன்பதாம் புதன் டிராம்கள் ஓடின. கூடம் நிறைந்தது.
இரண்டு நான்குக்கு வந்தாள்,
மூச்சு வாங்காமல், ஓடிவந்தவள் போல.
கையில் தாள் இல்லை, சில்லறையாகத் தந்தேன்.
இரண்டு, இரண்டு, ஒன்று.
உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்து
நாணயங்களை
முதல் தடவையாக எண்ணிப் பார்த்தாள்.